நான் எடுக்கவில்லை என்று சொன்ன நாள்

அண்ணே,

இன்று காலை மருமகள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் அறை முழுக்கப் பரவியது. நீங்கள் கோர்ட்டுக்குப் போட்டு வந்த கறுப்புக் கோட்டின் வாசம் அது. வெளியே எங்கள் புரோத்ராபூரில் மழை. உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து சில மாதங்களே ஆன கூலிக்காரன் நான். காண்டிராக்டர் கிடங்கில் செம்புக் கம்பி காணவில்லை என்று என்னைப் பிடித்து போர்ட் பிளேர் கோர்ட்டில் நிறுத்தினார்கள். மாஜிஸ்திரேட் இந்தியில் ஏதோ கேட்டார். பயத்தில் தலையாட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதப் போனார்கள்.

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான நீங்கள் அப்போதுதான் வேறொரு வழக்கை முடித்துவிட்டு உள்ளே வந்தீர்கள்.

"ஹுஜூர், இஸ்கோ குச் சமஜ் மே நஹீ ஆயா."

இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னீர்களாம். பிறகுதான் தெரிந்தது. மாஜிஸ்திரேட்டின் முகம் மாறியது மட்டும் அன்று தெரிந்தது. மொழிபெயர்ப்பதோடு நிறுத்திக்கொள் என்று அதட்டியிருக்கிறார். என்ன வழக்கென்றே தெரியாதவனிடம் ஒப்புதல் வாங்குவது சட்டமில்லை என்று நீங்கள் நின்றிருக்கிறீர்கள்.

கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். வராந்தாவில் என்னை உட்காரவைத்து டீ வாங்கித் தந்தீர்கள்.

"கம்பிய எடுத்தியா தம்பி?"

"எந்தக் கம்பிண்ணே?"

"அப்ப ஏன் தலைய ஆட்டுன?"

"பெரியவுக கேட்டா வேற என்னண்ணே செய்றது?"

என் தோளில் கை வைத்தீர்கள். உங்கள் கண் மட்டும் மாஜிஸ்திரேட் இருந்த பக்கமே போய்ப்போய் வந்தது. உங்களுக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கிறது.

"உன்னக் கேக்காம தீர்ப்புச் சொல்லக் கூடாது தம்பி. அது அவுக போடுற பிச்சையில்ல, உன் உரிமை. நடந்ததச் சத்தமாச் சொல்லு. நான் அப்படியே சொல்றேன்."

உள்ளே போய்ச் சொன்னேன்: "நான் எடுக்கலைங்க. அந்த வாரம் பூரா வண்டூர் ரோட்டு வேலையில கெடந்தேன்." அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த வாய்தாவுக்கு ரோட்டு மேஸ்திரி வந்து சாட்சி சொன்னார். விட்டுவிட்டார்கள். வாசலில் உங்கள் காலில் விழப்போனேன். பிடித்து நிறுத்தி, "நிமிர்ந்து நடடா" என்றீர்கள்.

பிறகு என் கல்யாணத்துக்கு மரைன் ஹில் வீட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தீர்கள். ஓய்வு பெற்று மெயின்லாண்ட் போன பிறகு ஒருமுறைகூடப் பார்க்க வாய்க்கவில்லை. நீங்கள் காலமானதாகத் தந்தி வந்தபோது துறைமுகத்தில் கப்பல் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு அழுததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஆனால் அண்ணே, இந்தத் தீவில் எந்த ஆபீஸ் மேசைக்கு முன்னாலும் என் பேச்சை நானே பேசுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. இருந்தாலும் பேசி முடிக்கிறேன்.