தைத்து வைத்த யோபு

மார்ச் 3, செவ்வாய்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மெக்கானிக் மகன், அச்சகத்தில் வேலை பார்க்கும் மருமகள், போதகர், போதகரின் மனைவி (நாற்காலி இருக்க, கட்டிலில் உட்கார்ந்து விரிப்பைக் கசக்கினாள்), எதிர்வீட்டு நர்ஸ், என் பெரிய நாத்தனார். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஜெபம். கட்டை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது நாத்தனார் முகம். ஆபரேஷனை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம்.

மருமகள் ஒரு தடிப் புத்தகம் கொடுத்தாள். வேதாகமம்தான், பெரிய எழுத்து. ஆனால் அதிகாரம் இல்லை, வசன எண் இல்லை, பக்கத்தின் மேலே புத்தகத்தின் பேர்கூட இல்லை. கதைப் புத்தகம் மாதிரி ஓடுகிறது. அவள் அச்சகத்தில் போட்டதாம்.

“குட்டிக் குட்டி நம்பரெல்லாம் கண்ணை உறுத்தும்ல அத்தை, அதான்.”

நாத்தனார் புரட்டிப் பார்த்தாள். “கதவு நம்பர் இல்லாத தெரு மாதிரி இருக்கு. எதை எங்கன்னு தேடுறது?” எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சபையில் என் பேர் ‘வசனப்பெட்டி’. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நான் எழுத்துக் கூட்டக் கற்றதே வசன அட்டைகளில்தான். எண்ணைச் சொன்னால் வசனம் சொல்வேன், வசனத்தைச் சொன்னால் எண் சொல்வேன். வசனப் போட்டியில் நான் வாங்கிய எவர்சில்வர் தட்டுகளில்தான் இந்த வீடே சாப்பிடுகிறது. எண்ணைப் பிடுங்கிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

மார்ச் 4, புதன்

புத்தகத்தைத் தொடவில்லை. கொடுத்தவள் கல்யாணத்தன்று எனக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தவள். மறந்துவிடுவேன் என்று நினைத்தாளா?

மார்ச் 6, வெள்ளி

பழைய வேதாகமத்தில் எழுத்து கலங்குகிறது. வேறு வழியில்லாமல் புதுசை எடுத்தேன். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதினது. அதில் எனக்குத் தெரியாத வசனம் இல்லை என்றுதான் உட்கார்ந்தேன்.

தெரியாது. எனக்கு ஒன்றுமே தெரியாது. அது கடிதம்! வயசானவர், குளிரில் கிடக்கிறார். மேலங்கியை விட்டுவிட்டு வந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா என்று கெஞ்சுகிறார். மேலங்கியைப் போட்டியில் யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் அதைக் கவனித்ததில்லை. தனக்குக் கெடுதல் செய்த, செம்பு வேலை பார்க்கும் கன்னான் ஒருவனையும் பேர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். மறக்கவில்லை, பாருங்கள். பவுலை எனக்குப் பிடித்துப்போனது.

மார்ச் 10, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் மின்விசிறிக் காற்றில் பக்கம் தானாகப் புரண்டது. திறந்த இடத்தில் படித்தேன். ஒருவன் வலியில் கதறுகிறான். நண்பர்கள் வெயில் காலத்து ஓடை மாதிரி என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான். இன்னொருவன் பதிலுக்கு, உன் வாயிலிருந்து வருவது வெறும் காற்று என்கிறான். சரியான சண்டை. சண்டை என்றால் எனக்கு உயிர், விடாமல் படித்தேன்.

அடுத்த வரியில் அந்த வசனம் நின்றது.

என் மூத்தவன். பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் நண்பர்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனான். திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்து வந்த வீட்டில், அத்தனை பேர் முன்னால், நாத்தனார் சொன்னாள்: “யோபு எட்டு நாலு. எடுத்துப் படி. ஆண்டவரே சொல்லியிருக்கார்.” படித்தேன். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் கைவிட்டார் என்று இருந்தது.

மறுநாள் சாக்கு ஊசியில் கறுப்பு நூல் கோத்து, என் வேதாகமத்தில் யோபுவின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சேர்த்துத் தைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போனதில்லை. யோபு பற்றிப் பிரசங்கம் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். என் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். யாரிடம் மேல்முறையீடு செய்வது? எழுதினவரே அவர்தானே.

எண் இருந்திருந்தால் தூரத்திலேயே பார்த்துத் தாண்டியிருப்பேன். எண் இல்லாததால் நேராகப் போய் அதன் மடியில் விழுந்தேன்.

மருமகள் வேலையிலிருந்து வந்தாள். “என்ன அத்தை, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?” சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் இதை அவளிடம் சொன்னதில்லை. பையைக்கூட வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது ஆண்டவர் பேசுறது இல்ல அத்தை. யோபுவோட கூட்டாளி பேசுறான்.”

“எந்தக் கூட்டாளி?”

“பில்தாத், சூகியர் வம்சம். ஆறுதல் சொல்ல வந்தவன்.”

“படி. முதல்லேர்ந்து படி. கடைசி வரைக்கும் நிறுத்தாத.”

படித்தாள். மகன் பசிக்கிறது என்று வந்தான், கடையில் வாங்கிக்கொள் என்று துரத்தினேன். முதலிலேயே யோபு உத்தமன் என்று எழுதியிருக்கிறது. வீடு இடிந்து செத்துப்போன அவன் பிள்ளைகளைப் பற்றி ஆண்டவர் ஒரு குறை சொல்லவில்லை. கடைசியில் அவர் அந்தக் கூட்டாளிகள்மேல் கோபப்படுகிறார் — என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று!

“மறுபடி படி.”

படித்தாள்.

“இன்னொரு தடவை.”

“அத்தை, தொண்டை காயுது.”

“தண்ணி குடிச்சிட்டுப் படி.”

அவர் சொல்லவே இல்ல. என் பிள்ளையை அவர் ஒண்ணுமே சொல்லல. சொன்னவனைத்தான் திட்டியிருக்கார்! இத்தனை வருஷமா, அடப்பாவிகளா, நூலைப் போட்டுத் தைச்சு வச்சேனே, நான் ஜெயிச்ச வழக்கை!

மார்ச் 13, வெள்ளி

பெண்கள் கூட்டம், நாத்தனார் வீட்டில். வழக்கம்போல ஆளுக்கு ஒரு வசனம். நான் புதுப் புத்தகத்தோடு போனேன்.

“உனக்குத்தான் நம்பர் இல்லையே. இன்னைக்குச் சும்மா கேட்டுட்டு உட்காரு” என்றாள்.

“நம்பர் தலைக்குள்ள இருக்கு அண்ணி. யோபு எட்டு நாலு.”

குடிக்கப் போன டீயை அவள் கீழே வைத்தாள். மறக்கவில்லை, அவளும்.

“அது யார் சொன்னது அண்ணி?”

“வேதத்துல இருக்கு. ஆண்டவர்தான்.”

“அப்படியா? அப்ப முதல்லேர்ந்து படிப்போம். யாரும் எழுந்திரிக்கக் கூடாது.”

புத்தகம் கைமாறிக்கொண்டே போனது. எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, நிறுத்த எண் எங்கே? டீ ஆறியது. கடைசிப் பக்கம் நாத்தனார் கைக்கு வந்தது. ஆண்டவர் கூட்டாளிகள்மேல் கோபப்பட்ட அந்த வரியை அவள் வாயாலேயே படித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். போட்டியில் தட்டு வாங்கின எந்த நாளும் இப்படி உட்கார்ந்ததில்லை.

நர்ஸ்தான் வாயைத் திறந்தாள். “அப்ப நம்ம வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிற வசனமெல்லாம் யார் யார் பேசினதோ?”

எல்லோரும் சிரிக்க, நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “என் சின்னப் பொண்ணு காய்ச்சல்ல போனப்ப, என் மாமியார் இதே வசனத்தைத்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தாங்க. எனக்கு மட்டும் யாரு மிச்சத்தைப் படிச்சுக் காட்டினா?”

அவளுக்கு ஒரு பெண் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. எதையும் மறக்காத எனக்கு.

மார்ச் 14, சனி

பழைய வேதாகமத்தின் தையலைப் பிளேடால் பிரித்தேன். மருமகள் தாளைப் பிடித்துக்கொண்டாள், ஒன்றுகூடக் கிழியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஊசித் துளை இருக்கிறது. இருக்கட்டும்.

போட்டோக்காரர் விஷயம் இன்றோடு ரத்து.

மார்ச் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போனேன். நாத்தனாரும் கேட்காமலே கூட வந்தாள். மூத்தவனிடம் சொன்னேன்: நீ குளிக்கப் போன, அவ்வளவுதான்டா. வேற ஒண்ணும் இல்ல. பிறகு அவள் பெண்ணின் கல்லைத் தேடினோம். செடி மூடிக்கிடந்தது, இரண்டு பேருமாகப் பிடுங்கினோம். திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், படி ஏறுவதற்காகத்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டோம். அவள்மேல் இருந்த வழக்கை விட்டுவிட்டேன். அவள் மாமியாரையும் விட்டுவிட்டேன், செத்துப்போன மனுஷி.

அந்தக் கூட்டாளிகளுக்காக யோபு ஜெபம் செய்தான், ஆண்டவரும் ஏற்றுக்கொண்டார் என்று இருக்கிறது. அது அவர்களுக்குள் முடித்துக்கொண்ட விஷயம். யாரும் என்னைக் கேட்கவில்லை. பிள்ளைகளைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்த்து, முதன்முதலில் அந்த வார்த்தையைச் சொன்ன வாய் ஒன்று இருக்கிறதே, அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

சூகியனாகிய பில்தாத்.