பாதியில் எழுப்பிய குழந்தை

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? தாம்பரத்தில் நான் நலம். போனில் பேசினால் பாதி உங்களுக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

இன்று முடிச்சூர்க் குழந்தை ஒன்றுக்கு மேலண்ணப் பிளவை மூடும் ஆபரேஷன். மயக்கம் கொடுத்தது நான். தாடை மிகச் சிறியதாக இருந்ததால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறங்கவில்லை. பெரிய டாக்டர் முயன்றும் முடியவில்லை. ஆக்சிஜன் குறைந்தது. உடனே மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்ததும் ஏறிவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றால் தொண்டை வீங்கிவிடும் என்று, ஆபரேஷன் செய்யாமலே குழந்தையை எழுப்பிவிட்டோம். பயப்பட ஒன்றுமில்லை.

வெளியே அதன் அம்மா அங்காளம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைலேர்ந்து பட்டினி போட்டு இட்டாந்தேன். ஒண்ணுமே பண்ணலியா? அப்ப நீ இன்னாத்துக்கு கீற?"

"உயிரோட விளையாடக் கூடாதும்மா. அதான் எழுப்பிட்டோம்."

அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சும்மா சும்மா வார்டுக்குப் போய், குழந்தை மூச்சுவிடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசியில் அங்காளம்மாவே நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள்.

"குந்து. அடுத்த வாட்டியும் நீதான் வருவியா?"

"வேற டாக்டர் வேணுமா?"

"வாணாம். நீயே வா."

அடுத்த வாரம் கேமரா வைத்த மெல்லிய குழாயோடு முயல்கிறோம்.

உம்மாவின் பழைய சேலை ஒன்றை எனக்குப் போர்வையாகத் தைத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கடையில் போர்வை கிடைக்காமலில்லை.

தியேட்டரிலிருந்து கூப்பிடுகிறார்கள். துஆவில் என்னோடு அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வாப்பா. பெயர் மோனிஷா.

உங்கள் மகள்,
அஃப்ஷான்