எட்டு எம்எம் போல்ட்

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதமாகிவிட்டது. கிள்ளான் வீட்டுப் போர்ச்சில் உங்கள் பழைய ஆஸ்டின் கார் துணி போர்த்தி நிற்கிறது. போன வாரம் அக்கா போன் பண்ணினாள். "சும்மா நிக்க வச்சா எப்படிடா? வந்து ஓட்டிப் பாருலா." பிரிக்பீல்ட்ஸிலிருந்து போனேன்.

உங்கள் டூல்ஸ் பெட்டியைத் திறந்ததும் பழைய எரிச்சல்தான் வந்தது. கால் இஞ்ச் என்று எழுதிய ஸ்பேனர் அரை இஞ்ச் தலையைக் கவ்வுகிறது! எழுதியிருப்பது போல்ட் தண்டின் அளவு, தலையின் அளவு இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். இந்த வெள்ளைக்காரனுக்கு நேராக ஒரு கணக்கும் வராதா என்று கேட்பேன். சிரிப்பீர்கள்.

தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த வாட்டர் பம்ப்பைக் கழற்றினேன். இடது பக்க போல்ட் ஓட்டையில் நீங்கள் பூசிய பசையைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பத்துமலைக்குக் கிளம்பிய காலை அது. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். பம்ப்பில் ஒரு போல்ட் ஆடியது. கழற்றி மாட்டலாம் என்று எடுத்தேன், கைதவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. அவசரத்துக்கு என்னிடமிருந்த எட்டு எம்எம் போல்ட்டைப் போட்டேன். தடிமன் அதேதான், மரைதான் வேறு. இரண்டு சுற்றுப் போய் நின்றது. பலம் கொடுத்துத் திருகினேன். உள்ளே இருந்த மரை சிதைந்துபோனது.

பாதி வழியில் தண்ணீர் ஒழுகி வண்டி நின்றது. முந்தின வாரம் பம்ப் மாட்டியவர் செல்வம், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த மெக்கானிக். கழற்றிக்கூடப் பார்க்காமல் அவர் வொர்க்‌ஷாப்புக்கே போய், எல்லார் முன்னாலும் திட்டினீர்கள். "நான் இல்லண்ணே" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. ஏன் மச்சான்? உங்கள் முன்னால் முட்டாளாக நிற்கக் கூடாது என்றா?

அந்தப் போல்ட்டைப் பற்றி அப்புறம் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று செல்வத்தைத் தேடி சுங்கை பூலோ போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்ணே. மறுநாளே உங்க மச்சான் வந்தாரு. போல்ட்டைக் கழட்டப் போனா அவரோட ஸ்பேனர் ஒண்ணும் சேரலையாம், லொடலொடன்னு ஆடுச்சாம். எங்க குடும்பத்துல எம்எம் சாமான் வச்சிருக்கிறது என் மச்சினன் ஒருத்தன்தான்னாரு. எல்லார் முன்னாலயும் என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'அவனே வந்து சொல்லுவான், பாரு'ன்னாரு."

நாலு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் எதிரே உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்தோம். காத்துக்கொண்டா இருந்தீர்கள்? ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், "ஏதாச்சும் சொல்லணுமாடா?" என்று கேட்டீர்களே. "நல்லா ரெஸ்ட் எடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நான்தான் மச்சான். நான்தான் செய்தேன்.

வரும் ஞாயிறு அந்த ஓட்டைக்குப் புது மரை போட செல்வம் வருகிறார். அவர் பக்கத்தில் நிற்கும்போதே அக்காவிடமும் பிள்ளைகளிடமும் இதை என் வாயால் சொல்லிவிடுவேன். சத்தியம்.

இவ்வளவு தாமதமாக வந்து நிற்கும்
உங்கள் மச்சினன்,
ரவி