வினாடி வினாவும் என் மூக்குக் கண்ணாடியும்

ஜூலை 8, செவ்வாய்
ஃபேன்சி ஸ்டோரில் பகல் முழுக்க நின்ற கால், சாயங்காலம் சர்ச்சிலும் நின்றது. வேதாகம வினாடி வினாவுக்கு எங்கள் போடி சபைப் பெண்களிலிருந்து இந்த வருஷம் இரண்டு அணி. எல்லாருமே புதுசு. பயிற்சி ஆட்டம் நடத்த மட்டும் பழைய ஆள், நான். முடியவில்லை. ஆயரம்மாவிடம் சொல்லியேவிட்டேன், வேறு யாரையாவது பாருங்கள் என்று. "நீ இல்லாம அதுக ஒரு போட்டியில நிக்கட்டும் ஷீபா, அப்புறம் ஒன்ன விட்டுர்றேன்" என்றார்.
சரி, அவர்களைப் போட்டியில் நிறுத்திவிட்டே போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி
இரண்டு அணிக்கும் ஆட்டம். பகுதி, நியாயாதிபதிகளும் ரூத்தும். மணிக்குப் பதில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். கேள்விக்கு நாலு விடை கொடுத்திருக்கும்; நாலையும் நான் வாசித்து முடிப்பதற்குள் ஏஞ்சல் தட்டிவிடுகிறாள். கல்யாணமாகி வந்த புதுப்பெண், என்ன வேகம்! பலசரக்குக் கடை சொர்ணலதா அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை. இன்று கால்வலி தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
பக்கத்து ஊரான தேவாரத்துச் சபையோடு பயிற்சி ஆட்டம். கேள்வி கேட்டது அந்த ஊர் ஆயர். மானம் போய்விட்டது. ஏஞ்சல் வாயே திறக்கவில்லை. சொர்ணலதா அக்கா, ரூத்தின் மாமியார் யார் என்பதற்கு — வேண்டாம், எழுதவே கூசுகிறது. வெள்ளிக்கிழமை சொன்னவர்கள்தானே?
திரும்பும்போது பஸ்ஸில் ஏஞ்சல் அழுதாள். "அந்த ஐயா மூஞ்சியில ஒண்ணுமே தெரியலக்கா."
"மூஞ்சியில என்னடி தெரியணும்?"
"வாசிக்கையில சரியான விடை வந்தா நீங்க கண்ணாடிய ஏத்தி விடுவீகள்ல..."
சொர்ணலதா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது! எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. தொண்டை வறள நான் கத்துனதுல இதுக படிச்சது வேதத்த இல்ல, என் மூஞ்சிய.

ஜூலை 14, திங்கள்
தலைவலி, பயிற்சிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

ஜூலை 16, புதன்
கிறிஸ்துமஸ் நாடகத் திரையை எடுத்துக் கட்டச் சொன்னேன். உள்ளே நான், வெளியே அவர்கள். முதல் கேள்விக்கு ஒரு தட்டும் சத்தம் போடவில்லை.
"அக்கா, இருக்கீகளா?"
"இருக்கேன். பதிலச் சொல்லு."
கூத்து என்னவென்றால், திரைக்குப் பின்னாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறேன். கழற்றிவைத்தால் கேள்வி தெரியவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

ஜூலை 23, புதன்
தினமும் திரைதான். தினமும் தப்பு. இன்று ஏஞ்சல் நாலு விடையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தட்டினாள். சரியான பதில்.

ஜூலை 27, ஞாயிறு
தேனியில் போட்டி. வேண்டுமென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஓர் அணி முதல் சுற்றிலேயே வெளியே. ஏஞ்சலும் சொர்ணலதா அக்காவும் இருந்த அணி மூன்றாவது இடம். ஒரு தடவைகூட யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இதைத்தானே கேட்டேன்? பிறகு ஏன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க மனசு வரவில்லை?
"சொன்னது சொன்னதுதான் ஷீபா, இனி ரெஸ்ட் எடு" என்றார் ஆயரம்மா.

ஆகஸ்ட் 6, புதன்
அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டார்களாம். சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். சொர்ணலதா அக்கா என் கையில் கரண்டியைத் திணித்தார். "ஆளு கொறையுது, இங்கன ஒக்காரு."
கேள்வி கேட்டது ஏஞ்சல். இத்தனை வருஷத்தில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. சிம்சோனின் தகப்பன் பெயர் என்ன, சுலபமான கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் தட்டாமல் ஏஞ்சலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.