வெந்நீரில் போட்ட பல் செட்

9 ஜனவரி 1968, செவ்வாய்

கடைசிப் பல்லும் போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். ஐயோ, இது யார்? சாகிற காலத்தில் அம்மாவுக்கு இருந்த முகம். ஈறு ஆறின பிறகுதான் பல் செட்டாம். அதுவரை இந்த இரும்புலியூரில் ஒருத்தி முகத்திலும் விழிக்கமாட்டேன்.

4 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் கோயிலுக்குப் போகவில்லை. தனியாகப் போன என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக, "ஈஸ்டருக்கு வேதபாடம் யூனிஸ் வாசிக்கட்டுமான்னு போதகர் கேட்டார்" என்கிறார்.

யூனிஸாம்! வருஷா வருஷம் வாசிப்பது நான். எதிர்வீட்டுக்காரி அவள், பாடகர் குழுவில் முத்துப்பல்லைக் காட்டவே வாய் திறக்கிறவள். நானேதான் வாசிப்பேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன்.

ராத்திரிக்கும் அதே குழைத்த சாதம். அழுகை வந்தது.

5 பிப்ரவரி

யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை.

27 மார்ச், புதன்

பல் செட் வந்துவிட்டது! பேசினால் கடகட என்கிறது, 'ச' வந்தால் விசில் அடிக்கிறது. அடிக்கட்டும். பிஸ்கெட்டைக் காப்பியில் தோய்க்காமல் கடித்தேன். அந்தச் சத்தம் கேட்டு எனக்கே சிரிப்பு.

12 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஊரில் வாந்திபேதியாம். பள்ளிக்கூடத்தில் ஆரோக்கிய பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவள் சும்மா இருப்பேனா? தம்ளர், கரண்டி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். பல் செட்டையும் அதிலேயே போட்டேன்.

எடுத்தால் — வளைஞ்சு, கோணிக்கிட்டு — வாய்க்குள்ள போகவே மாட்டேங்குது. நாளை மறுநாள் ஈஸ்டர். என்னடி பண்ணிட்ட, சௌந்தரி?

13 ஏப்ரல், சனி

இவர் எதிர்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். யூனிஸ் வந்து நின்றாள். வேதபாடத்தைப் பறிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவளோ பல் செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயையோ சௌந்தரிக்கா, கொதிக்கிற தண்ணியிலயா போட்டீங்க? பச்சைத் தண்ணிதானே ஊத்தணும்!"

"உனக்கெப்படித் தெரியும்?"

கதவைச் சாத்தினாள். வாய்க்குள் விரலை விட்டாள். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும் அவள் உள்ளங்கையில்! கன்னம் ஒட்டிப்போய் என்னைப் போலவே இருந்தாள்.

"சின்ன வயசுலயே சொத்தை விழுந்து எல்லாம் போச்சுக்கா. வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும்." குளறிக் குளறிச் சொன்னாள். "பாடத்தை நீங்களே வாசிங்க."

"எப்படிடி வாசிப்பேன்?"

"வாயாலதான்."

இத்தனை வருஷம் அந்தப் பல்லைப் பார்த்தா நான் வயிறெரிந்தேன்?

14 ஏப்ரல், ஈஸ்டர்

வாசித்தேன். 'உயிர்த்தெழுந்தார்' பாதி காற்றாக வந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுத்தெல்லாம் மங்க, நிறுத்திவிட்டேன். பாடகர் குழுவின் முன்வரிசையில் யூனிஸ் வாயை மறைத்திருந்த கைக்குட்டையை எடுத்தாள். சபை முழுக்கப் பார்க்க, பொக்கை வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாடத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அடுத்த பாட்டை அவள் பல்லில்லாமலே பாடினாள்.