உன் படம் ஒட்டிய காதல் புத்தகம்

என் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருந்த கலாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. சரக்கு எடுக்க வெளியூர் போனாலும் மறுநாள் காலையில் தாம்பரத்தில் இறங்கி, நீ பால் காய்ச்சுவதற்குள் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்துவிடுவேன். எழுத என்ன இருந்தது? இப்போது எழுதுகிறேன், அதுவும் ஊர் படிக்கும்படி, நம் வியாபாரிகள் சங்க ஆண்டு மலரில். வழக்கமாக நம் பாத்திரக் கடை வாழ்த்து விளம்பரம் வரும் பக்கம் இது. இந்த வருஷம் வாழ்த்து இல்லை, இதுதான்.

உன் முதல் வருஷ நினைவு நாளில் நான் ஒரு காரியம் செய்தேன், கலா. அதற்கப்புறம் அதைவிட மோசமாக இன்னொன்று செய்தேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நம்ம நித்யா எப்போதும் போனில் தட்டிக்கொண்டே இருப்பாளே, யாரோ பையனோடு பேசுகிறாள் என்று நான் உன்னை உளவு பார்க்கச் சொன்னேனே, அது பையன் இல்லை. கதை எழுதியிருக்கிறாள். முழுப் புத்தகம். 'இருட்டுக்கு வாக்கப்பட்டவள்' என்று பெயர். ஒரு நாள் தாள்களைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தாள்.

"கிரேக்கப் புராணம்ப்பா. இந்தக் காலத்துல நடக்கிற மாதிரி மாத்தி எழுதியிருக்கேன். லவ் ஸ்டோரி. கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். படிச்சிட்டுச் சொல்லுங்க."

அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னாள். என் காதில் புராணம் என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. முதல் இரண்டு பக்கம் புரட்டினேன். பயிர் பச்சைக்கெல்லாம் தாயான ஒரு தெய்வம், அதற்கு ஒரே பெண், பூப்பறிக்கப் போன பெண்ணைக் காணாமல் அம்மா கூப்பிடுகிறாள். அம்மா பொண்ணு கதை. அதற்குள் ஒரு கல்யாண ஆர்டர் வந்துவிட்டது. "படிச்சேன்மா, பிரமாதம்" என்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். பாத்திரம் என்றால் தட்டிப் பார்க்காமல் ஒரு டம்ளர் எடுக்க மாட்டேன், உனக்குத் தெரியும். பெற்ற பெண் எழுதியதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் சிநேகிதிகளுக்குக் கொடுக்கக் கொஞ்சம் பிரதிகள் போடப் பம்மல் அச்சகத்தில் கொடுத்திருந்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் அச்சகத்துக்காரர் செல்வத்தைப் பிடித்து, உன் நினைவு நாளுக்கு வருகிற எல்லாருக்கும் ஆகிற மாதிரி சேர்த்துப் போடச் சொன்னேன். நாலு வீட்டில் தோத்திரப் புத்தகம் கொடுக்கிறார்கள், நாம் புராணமே கொடுப்போம் என்று ஒரு பெருமை. அட்டையைத் திறந்ததும் உன் படம். அந்தப் பச்சைப் புடவைப் படம். கீழே, 'திருமதி கலா அவர்களின் முதலாம் ஆண்டு நினைவாக, அன்புக் கணவர்'. ஒரு எவர்சில்வர் சம்புடத்தோடு துணிப்பையில் போட்டு, சாப்பிட்டு எழுந்தவர்கள் கையில் எல்லாம் நானே கொடுத்தேன்.

பாயச வாளியோடு வந்த நித்யா பையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா, இது என் புக்கு."

"ஆமா. சர்ப்ரைஸ்!"

"எல்லாருக்குமா குடுத்தீங்க? ஹெட்மாஸ்டர் சாருக்குமா?"

"மொதப் பையே அவருக்குத்தான்."

"நீங்க முழுசாப் படிச்சீங்கதானே?"

"படிச்சேன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா."

அவள் கண் கலங்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான், கலா. அப்பா எல்லாம் தெரிந்தே, ஊர் முன்னால், அம்மா படத்தோடு தன் எழுத்தைக் கொடுக்கிறார் என்று நம்பிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மறுநாளே ஆரம்பித்தது. முதலில் என் அக்கா, உன் நாத்தனார். "டேய் குமரேசா, என்னடா புக்கு இது? சாமி புக்குன்னு பூஜை ரூம்ல வச்சுப் பொட்டெல்லாம் வச்சுட்டேன்டா! பாதாள ராஜா அந்தப் பொண்ணோட முதுகுல மாதுளம் முத்து வச்சு ஒண்ணொண்ணா எடுத்துத் திங்கறான். நான் அத சாமி முன்னாடி உக்காந்து வாய்விட்டுப் படிச்சிருக்கேன்!"

ஹெட்மாஸ்டர் சார் குரல் பதிவு அனுப்பினார். சுத்தமான தமிழ். "குமரேசன் சார், வணக்கம். நூலைப் பதினோராவது அத்தியாயம் வரை வாசித்தேன். அதற்குமேல் என் மனைவி வாங்கிக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை."

அந்தப் பதினோராவது அத்தியாயத்தில்தான் விஷயமெல்லாம். தாம்பரம் முழுக்க அது அத்தியாயமாக இல்லாமல் வெறும் 'பதினொண்ணு' ஆகிவிட்டது.

சரோஜா டீச்சர் தெரியுமே, ஏரிக்கரைத் தெருவில் இருக்கிறவர், கடைக்கே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, பம்மலில் டிபன் கடை வைத்திருக்கிற மங்கையும் கரண்டி எடுக்க வந்திருந்தாள். மங்கைக்கு என்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.

"இன்னாண்ணே, பொஸ்தகம் சோக்கா கீது! அந்த ராஜா கதவாண்ட நின்னுகினு 'உள்ள வரட்டா'ன்னு கேப்பான் பாரு... எங்க வூட்டுக்காரருக்குப் படிச்சிக் காட்னேன். மனுசன் பேஜாராய்ட்டாரு. ரெண்டாம் பாகம் கீதா?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "சார், அந்தக் காட்சியைக்கூட விட்டுடறேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? போன்ல எல்லாம் தேடிப் பாத்தேன். அந்தப் பாதாள ராஜா யாரு தெரியுமா? பொண்ணோட அப்பாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன். பெரியப்பா சார்! பெரியப்பா!"

"அவுரு அம்மாவுக்குத் தம்பின்னு போட்டுக்கீதே டீச்சர். தாய்மாமன். கட்டிக்கிற மொறதான்."

"அம்மாவுக்கும் தம்பி. அப்பாவுக்கும் அண்ணன்."

"அப்போ அம்மாவும் அப்பாவும்?"

டீச்சர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கூடப் பொறந்தவங்க."

மங்கை கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அய்ய! பொண்ணு எடுக்க வேற குடும்பமே இல்லியா அந்த ஊர்ல?"

நீ இருந்திருந்தால் குக்கர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் எரிந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் புத்தகத்தை விரித்துப் படம் எடுத்துப் போட்டார். இடது பக்கம் உன் முகம். பின்னால் இருந்த ஒரு தாளை மடித்து வலது பக்கம் வருகிற மாதிரி வைத்திருந்தார். அதில் இருந்த வரியை இங்கே எழுத மாட்டேன். அதற்குக் கீழே ஒருவர், 'அண்ணே, அடுத்த வருஷத்துக்கும் எனக்கு ஒரு பை எடுத்து வையுங்க' என்று எழுதினார். வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். பம்மல் தெருக்களில் பிளாஸ்டிக் குடம் கூவி விற்ற நாளிலிருந்து சேர்த்த பெயர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கை தானாகக் குழுவில் பதில் தட்டியது.

'அச்சகத்தில் நடந்த தவறால் வேறு புத்தகம் கலந்துவிட்டது. நித்யகலா என்பவர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வருந்துகிறோம்.'

நித்யகலா. அவள் பெயரையும் உன் பெயரையும் சேர்த்து, புத்தகத்தில் போட அவள் வைத்துக்கொண்ட பெயர். யாரென்றே தெரியாது என்று எழுதினேன். சொந்தப் பெண்ணையும் பெண்டாட்டியையும் ஒரே வரியில் தெரியாது என்று எழுதிய ஆள் இந்தச் சங்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாரோ அதை அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்கு வந்தாள். நான் ஒரு சீர் அண்டாவில் மெஷினால் மாப்பிள்ளை பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல இருக்கறவன் பேரெல்லாம் வெட்டறீங்க. என் பேரு மட்டும் தெரியாதாப்பா?"

"அம்மா போட்டோவ வச்சு சிரிக்கறாங்கடா. நான் என்ன பண்ணட்டும்?"

"படிச்சேன்னு சொன்னீங்க."

"மொத ரெண்டு பக்கம்..."

"அம்மா முழுசும் படிச்சாங்க."

எனக்குப் புரியவில்லை. "எப்போ?"

"ஆஸ்பத்திரியில. நீங்க கடையச் சாத்திட்டு வர்றதுக்குள்ள தெனம் ஒரு அத்தியாயம். பதினொண்ணையும்தான்."

"என்ன சொன்னா?"

"அத உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே மறைமலை நகரில், அவள் வேலை பார்க்கிற கம்பெனிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துக்கொண்டாள். போன் செய்தால் 'ம்' என்பாள். 'வேலை இருக்கு' என்பாள்.

நீ என்ன சொன்னாய், கலா? சிரித்தாயா? திட்டினாயா? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் நான் என்ன செய்வேன் என்று உனக்கு முன்பே தெரிந்திருந்ததா?

அதற்கப்புறம்தான் படித்தேன். மத்தியானம் கடையில் ஆள் குறைகிற நேரத்தில், ஸ்டாக் ரூமில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து. ராஜாவுக்குப் பழைய கல்குவாரிகளுக்கு அடியில் அரண்மனை. நம்ம பல்லாவரம் பக்கத்துக் குவாரிப் பள்ளம் மாதிரியே இருக்கிறது, நீலமாகத் தண்ணீர் நின்றுகொண்டு. அந்த அம்மா உலகமெல்லாம் பெண்ணைத் தேடுகிறாள். பயிர் காய்கிறது. கடைசியில் பெண் மேலே வந்து நிற்கிறாள். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு முதலில் கேட்பது என்ன தெரியுமா? "அங்க ஏதாச்சும் சாப்பிட்டியா?"

பாதாளத்தில் ஒரு வாய் சாப்பிட்டாலும் அங்கேயே திரும்பிப் போயே ஆகவேண்டுமாம். பெண் பதில் சொல்லாமல் நிற்கிறாள். ஏனென்றால் அவள் இஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டாள். வாழ்நாள் முழுக்க 'சாப்பிட்டேன்' என்ற பதிலுக்காகவே கேட்ட அம்மா, முதல் தடவையாக 'இல்லை' என்ற பதிலுக்காகக் கேட்கிறாள். கையில் டிரிப்ஸ் ஏறும்போதும் என்னை "சாப்பிட்டீங்களா"ன்னுதானே கேட்டாய்? உன் குரலை அவள் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். நான் அதைத்தான் வேறு புத்தகம் என்றேன்.

பதினொன்றையும் படித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, உடம்பெல்லாம் கூசிவிட்டது. பெற்ற பெண் எழுதியது என்று நினைக்கும்போது பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டேன். அசிங்கம் என்று ஊர் சொன்னதை நான் தேடித் தேடிப் பார்த்தேன். அந்த ராஜா ஒவ்வொன்றையும் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறான். அவள் வேண்டாம் என்றால் விலகி உட்காருகிறான், கோபித்துக்கொள்ளாமல் கதை பேசுகிறான். நான் உன்னை ஒரு நாளாவது அப்படிக் கேட்டேனா? நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? இதை எழுதும்போது காது சுடுகிறது. சங்கத்து ஆட்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவரவர் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அச்சகத்துக்குப் போனேன். நான் போட்ட செய்தியால் செல்வத்துக்கு இரண்டு கல்யாணப் பத்திரிகை வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. "தப்பா அடிச்சு மாத்திக் குடுக்கற பிரஸ்ஸுன்னு சொல்றாங்கண்ணே. நீங்க பெரிய மனுஷன், எதிர்த்து நான் என்ன போட முடியும்?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் இங்கேயே அச்சிலேயே சொல்கிறேன். செல்வம் ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை. என்ன கொடுத்தோமோ அதைத்தான் அடித்தார். பொய் சொன்னது நான்.

நேற்று நித்யாவுக்குப் போன் செய்து, எழுதின வரைக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளைக் கேட்காமல் இனி எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

கேட்டு முடித்ததும், "மலர்ல வந்தா எல்லாரும் உங்களக் கிண்டல் பண்ணுவாங்கப்பா" என்றாள்.

"பண்ணட்டும்."

"வியாபாரம்?"

"குக்கர் வெடிச்சாத்தான்மா வியாபாரம் போகும். இதுக்கெல்லாம் போகாது."

சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிய மாதிரி ஒரு மூச்சு கேட்டது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. "போடுங்க. வந்தப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவ்வளவு சீக்கிரம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், கலா. அவள் அடுத்து எது எழுதினாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் 'படிச்சேன்' என்று சொல்வேன். புரியாவிட்டால் புரியவில்லை என்பேன். கூசினால் கூசுகிறது என்பேன். யார் வந்து எப்படிக் கேட்டாலும், சிரித்துக்கொண்டே கேட்டாலும், எழுதியது யார் என்று சொல்வேன். அவள் திரும்பி வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
எழுத்தாளர் நித்யகலாவின் அப்பா,
உன் வீட்டுக்காரன்
குமரேசன்