கப்பலூருக்கு வந்த இரண்டு வல்லரசுகள்

செவ்வாய் இரவு.

யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சத்தியம் செய்து எழுதுகிறேன். இன்று அமெரிக்காவும் ரஷ்யாவும் கப்பலூரில் என் ரப்பர் பட்டறை வாசலில் கட்டிப் புரண்டன. டெல்லி ரஷ்ய எண்ணெய் வாங்கியதால் அமெரிக்கா நம் சரக்குகள் மீதான வரியை ஏற்றிவிட்டது. என் சரக்கு வேண்டாம் என்று அங்கிருந்து மெயில் வந்தது.

மிஷின் ஓட்டும் முருகன் கேட்டான்: "அவுக எண்ணெய் வாங்குனா நம்ம மிஷின் ஏண்ணே நிக்கணும்?"

"பேச்சில்லாத ரெண்டு பங்காளிக்கும் கல்யாணப் பத்திரிகை வச்சா, ஒருத்தன் கோவிச்சு எந்திரிச்சுப் போவான் மாப்ள. பரிமாறுறவந்தான் திட்டு வாங்குவான். விடு, ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "நாளைக்கு வரவா, வேணாமா?"

அதன்பிறகு சோறு தின்றேனா, நினைவில்லை. வல்லரசுகள் வந்தது பொய். சமாதானமும் பொய். "வேணாம் மாப்ள" என்று நான் சொன்னது மட்டும் நிஜம்.